நிலத்தில் ஒட்டிய மேடை

பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளையிடம் "இண்டைக்கு என்ன படிச்சனீ?" என்று கேட்பது எம்மவர் வழக்கம். "விளையாடினனான்" என்று பதில் வந்தால் முகம் சுருங்கிவிடும். கிழக்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில், நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளின் ரிசெப்ஷன் வகுப்பில் உதவியாளராக வேலை செய்கிறேன். வாசலில் என்னைக் கண்டு, "உங்கடை வகுப்பிலை எப்பதான் படிப்பிக்கப் போறியள்?" என்று கேட்டவர்கள் பலர். இங்கிலாந்தின் பாலர் கல்வித் திட்டத்தில் எழுத்தும் எண்ணும் முதலில் வைக்கப்படவில்லை. பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, மற்றவர்களோடு பழகுதல் ஆகிய மூன்றுமே அடிப்படை. எழுத்து அதற்குப் பிறகுதான்.

எங்கள் வகுப்பில் கிழமைக்கொருமுறை கதை நடக்கும். ஒரு பிள்ளை என்னருகில் இருந்து தன் கதையைச் சொல்லும். சொன்னபடியே, பிழை திருத்தாமல் எழுதவேண்டும். ஒரு சின்னத் தாளுக்கு மேல் போகக்கூடாது. பின்னர் நிலத்தில் ரேப் ஒட்டி ஒரு சதுரம் செய்வோம். அதுதான் மேடை. சுற்றிவர எல்லோரும் இருக்க, ஆசிரியை கதையை வாசிப்பார். பிள்ளைகள் முறைக்கு முறை எழுந்து வந்து மரமாகவோ பேயாகவோ பஸ்ஸாகவோ நிற்பார்கள். தான் யாராக நடிப்பது என்பதைக் கதை சொன்ன பிள்ளையே தீர்மானிக்கும். வர விருப்பமில்லாத பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கலாம். வற்புறுத்தல் கிடையாது.

இது விவியன் பேலி என்ற அமெரிக்க ஆசிரியையின் முறை. சிக்காகோவில் பாலர் வகுப்பு நடத்தியவர், 2019இல் காலமானார். எப்போதும் ஹெலிகொப்டரையே கட்டிப்பிடித்துக்கொண்டு, மற்றவர்களோடு சேராமலிருந்த ஒரு சிறுவனைப் பற்றி 1990இல் ஒரு புத்தகம் எழுதினார். லண்டனில் ட்ரிஷா லீ இம்முறையை 'ஹெலிகொப்டர் கதைகள்' என்ற பெயரில் பரப்பினார். முதன்முதலில் அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெலியின் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய எங்களுக்கு அது விளையாட்டுச் சாமானாக ஒருநாளும் இருந்ததில்லை.

எங்கள் வகுப்புக்கு ஊரிலிருந்து ஒரு பெடியன் வந்து சேர்ந்தான். மூன்று மாதமாக ஒரு சொல் பேசவில்லை. மலசலகூடத்துக்குப் போகவும் என் சட்டையைத்தான் இழுப்பான். "வீட்டிலை வாய் ஓயாது அக்கா, இஞ்சை ஏன் இப்பிடி?" என்று தாய் அழுதா. யாரோ படித்தவர் வீட்டில் தமிழை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறார். அவவும் தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லோடு பிள்ளையை வளர்க்கத் தொடங்கியிருந்தா. "வேண்டாம் தங்கச்சி. இரண்டு பாஷை கேட்டு எந்தப் பிள்ளையின்ரை பேச்சும் கெடாது. தமிழிலை கதையுங்கோ, கதை சொல்லுங்கோ" என்றேன். புது மொழிக்குள் விழுந்த பிள்ளை சில மாதம் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பது வழமை. அது நீண்டுகொண்டே போனாலோ, வீட்டிலும் பேச்சுக் குறைந்தாலோதான் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டவேண்டும். அதை விளையாட்டால் ஈடுசெய்ய முடியாது.

அவன் அந்தச் சதுரத்தின் விளிம்பில்தான் எப்போதும் இருப்பான். ஒருநாள் முறை வந்தபோது எழுந்து மரமாக நின்றான். மரத்துக்குப் பேச்சுத் தேவையில்லைத்தானே! அடுத்த கிழமை கதை எழுதும் இடத்துக்குத் தானாகவே வந்து, என் காதுக்குள் தமிழில் சொன்னான்: "மாடு வந்தது. பூக்கண்டைத் திண்டது. அப்பப்பா கலைச்சவர். மாடு போகேல்லை." தமிழிலேயே எழுதினேன். ஆசிரியை அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, முதலில் என்னைத் தமிழில் வாசிக்கச் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் அப்பப்பாவானான். மாடாக வந்த பிள்ளை, கையை ஓங்கியதும் சதுரத்தை விட்டு ஓடிவிட்டது.

"நோ! கவ் நோ கோ!"

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாடு திரும்பிவந்து மேயத் தொடங்கியது. கேள்வி கேட்டுக் கேட்டு மூன்று மாதமாக எங்களால் எடுக்க முடியாத சொல், தன் கதையை இன்னொருவன் பிழையாக நடித்ததும் தானாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் மளமளவென்று பேசிவிடவில்லை. இப்போதும் குறைவாகத்தான் பேசுகிறான். ஆனால் மாடு விஷயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டான்.

நாடகம் எங்களுக்குப் புதிதல்ல. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், பாட்டும் விளையாட்டுமாகச் சிறுவர் நாடகங்கள் எழுதியவர். 2025இல் அவர் மறைந்தபோது இங்கேயும் அஞ்சலிக் கூட்டங்கள் வைத்தோம். ஆனால் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் நடப்பது வேறு. பட்டுடுத்த பிள்ளை, தனக்கு விளங்காத வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கி ஒப்புவிக்கும். முன்வரிசையில் தாய் வாயசைத்துக்கொண்டிருப்பா. கைதட்டுவோம். மேடையால் இறங்கியதும் பிள்ளை ஆங்கிலத்துக்குப் போய்விடும்.

எங்கள் தமிழ்ப் பள்ளியிலும் ரேப் ஒட்டிப் பார்ப்போமா என்று கேட்டேன். "சோதனைக்கு ஆர் படிப்பிக்கிறது?" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். இழுபறிப்பட்டு, இடைவேளைக்குப் பின் இருபது நிமிடம் தந்தார்கள். முதல் கதை இப்படி வந்தது: "டைனோசர் தமிழ் ஸ்கூலுக்கு வந்தது. ரீச்சரைச் சாப்பிட்டது. ஹோம்வேர்க் இல்லை." பேத்தியைக் கூட்டிப்போக வந்து, பின்னால் கதிரையில் இருந்த ஓர் அம்மம்மாவிடம் அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் கேட்டாள்: "அம்மம்மா, டைனோசர் எப்பிடிக் கத்தும்? தமிழிலை?"

அம்மம்மா சால்வையைக் கதிரையில் போட்டுவிட்டு எழும்பினா.