65 கிலோமீட்டரின் விலை

புரோட்டோன் நிறுவனம் 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 மின்காரை அறிமுகப்படுத்தியபோது, விலைப்பட்டியலோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 49.52 கிலோவாட்-மணி மின்கலம் கொண்டது 109,800 வெள்ளி, டபிள்யு.எல்.டி.பி. சோதனைப்படி 345 கிலோமீட்டர் ஓடும். 60.22 கிலோவாட்-மணி கொண்டது 123,800 வெள்ளி, 410 கிலோமீட்டர். மற்றச் சில வசதிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கூடுதல் 14,000 வெள்ளிக்குக் கிடைப்பது 65 கிலோமீட்டர்தான்.

கோலாலம்பூரில் என் அன்றாட ஓட்டம் 40 கிலோமீட்டரைத் தாண்டாது. தாப்பாவில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போவதுதான் தூரம். போகவர ஏறத்தாழ 300. நெடுஞ்சாலை வேகத்துக்கும் குளிர்சாதனத்துக்குமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தேன். சிறியது 276, பெரியது 328. பெரியதை வாங்கினால் காலையில் போய் இரவே திரும்பிவிடலாம்.

இந்தக் கணக்கைத் தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன்.

"நம்ம வீட்டுப் பிளக்குல சார்ஜ் ஏறாதாப்பா?"

ஏறும், ஆனால் மெதுவாக. சாதாரண பிளக்கில் இரவு 10 மணி நேரம் விட்டால், சிறிய மின்கலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். திரும்பி வர அது தாராளம் என்றேன்.

"அப்ப ஒரு ராத்திரி தங்கிட்டுப் போயேன்."

அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் நான் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 14,000 வெள்ளி கொடுத்து நான் வாங்கவிருந்தது, தங்காமல் திரும்பும் வசதியைத்தான்.

சிறியதையே பதிவு செய்தேன்.

கார் வாங்கப் போகும் தம்பி தங்கைகளே, எவ்வளவு தூரம் போகிறோம் என்று கணக்கிடும்போது, எங்கே தங்குகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.