மணல் நகரில் ஒரு பகல்

வீட்டைச் சக்கரங்களின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றுவது மேனாட்டார் வழக்கம் என்பர். நம் மக்களுக்கும் அது புதிதன்று. அஜ்மீருக்கு ஜியாரத் செல்லும் நம் குடும்பங்கள் அரிசி மூட்டையையும் அடுப்பையும் அண்டா குண்டாக்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு, மரநிழல் கண்ட இடத்தில் உலை வைத்து, இரவில் இருக்கைகளுக்கிடையே பாய் விரித்து உறங்கி, பதினைந்து நாள் இப்படியே வாழ்ந்து திரும்புவது எத்தனையோ ஆண்டுகளாக நடப்பதுதான். திருப்பூரிலிருந்து நாங்கள் பதினொரு பேரும் அவ்வாறே புறப்பட்டோம். அஜ்மீரில் இரண்டு நாள் தங்கினோம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பாலைவனத்தைப் பார்க்காமல் போவதா அத்தா?" என்று பிள்ளைகள் பிடித்த பிடிவாதத்தால் வேன் ஜோத்பூர் வழியாக மேற்கே திரும்பியது.

ஜெய்சல்மேர் எல்லையை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. பஜ்ர் தொழுகைக்கு ஒளூச் செய்ய வேனின் கூரையிலிருந்த தொட்டியைத் திறந்தால், அடியில் நான்கு விரற்கடை நீரே எஞ்சியிருந்தது. பதினொரு பேருக்கு ஒரே வாளி. என் மாமி ஒரு சொம்பு நீரில் தம் ஒளூவை முடித்து, மிச்சத்தைப் பேத்தியிடம் கொடுத்தார். அன்று பகல் முழுதும் நான் கண்டவற்றையெல்லாம் அந்தச் சொம்பை வைத்தே அளந்தேன் போலும்.

கதிரவன் எழுந்ததும் கோட்டை தெரிந்தது. 1156ஆம் ஆண்டு ராவல் ஜெய்சல் என்னும் மன்னர் அடித்தளமிட்ட கோட்டை அது. மஞ்சள் மணற்கல்லால் ஆனது; காலை வெயில் பட்டதும் பொன்னாகவே மாறிவிடுகிறது. சத்யஜித் ராய் 1974இல் எடுத்த 'சோனார் கெல்லா' என்ற வங்கப் படத்தால் 'பொற்கோட்டை' என்ற பெயர் நாடறிந்ததாயிற்று. மற்றக் கோட்டைகளைப் போல் இது வெறும் காட்சிப் பொருளன்று. உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். சந்துகளில் பால்காரர் வருகிறார். மாடியில் துணி காய்கிறது.

கோட்டையை விட எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை கீழே நகருக்குள் இருக்கும் ஹவேலிகள் என்னும் வணிகர் மாளிகைகள். பட்வா ஹவேலி ஐந்து மாளிகைகளின் தொகுதி. குமான் சந்த் பட்வா என்ற வணிகர் 1805ஆம் ஆண்டளவில் தொடங்கி வைத்த கட்டடம்; தம் மைந்தர் ஐவருக்கும் ஆளுக்கொன்றாக எழுப்பியது. அந்தக் குடும்பத்தின் தொழில் என்ன என்று கேட்டறிந்ததும் எங்களுக்கு ஓர் உறவே ஏற்பட்டுவிட்டது: பொன், வெள்ளிச் சரிகை வாணிபம்! நூலை நம்பிப் பிழைத்தவர்கள் கட்டிய வீடு. சாளரங்களிலும் மாடங்களிலும் கல்லைச் செதுக்கியிருக்கும் நேர்த்தியைக் கண்டால், கல்லைத் தறியில் போட்டு நெய்தார்களோ என்று ஐயுறத் தோன்றும்.

நாத்மல் ஹவேலியின் கதை இன்னும் சுவையானது. திவானாக இருந்த நாத்மலுக்காக 1885இல் அதைக் கட்டியவர்கள் ஹாத்தி, லாலு என்னும் முஸ்லிம் சிற்பிகளான உடன்பிறப்புகள். முகப்பின் வலப்பக்கத்தை ஒருவரும் இடப்பக்கத்தை மற்றவரும் செதுக்கினார்களாம். தொலைவிலிருந்து நோக்கினால் இரண்டும் ஒன்றே. அருகில் சென்றால் ஒரு பூ கூட மறுபக்கத்துப் பூவாக இல்லை. வலக்கையை ஒருவரும் இடக்கையை மற்றவரும் தைத்த சட்டை! எங்கள் ஊர்ச் செக்கிங் பெண்களின் கண்ணில் பட்டிருந்தால் அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நல்ல வேளை, திவான் வாங்கிக்கொண்டார்.

இத்தனை செல்வமும் எங்கிருந்து வந்தது? சிந்துவுக்கும் அதற்கப்பாலும் சென்ற ஒட்டகச் சாத்துகளிலிருந்து வந்தது. பம்பாய்த் துறைமுகம் தழைத்ததும் சரக்குகள் கடல்வழி போயின. 1947இல் எல்லைக்கோடு விழுந்ததும் மேற்குப் பாதை அடைபட்டது. வாணிபம் போயிற்று, ஊர் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு விடை ஊரின் தென்கிழக்கே இருக்கிறது. அதுதான் கட்ஸீசர் ஏரி.

பதினான்காம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி சிங் சீராக்கிய மழைநீர்த் தேக்கம் அது. ஆண்டுக்கு மிகக் குறைவாகவே மழை பெய்யும் நிலத்தில், அந்த நீரைச் சுற்றுப்புறச் சரிவுகளிலிருந்து இந்தப் பள்ளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து, நூற்றாண்டுக் கணக்கில் ஒரு நகரமே குடித்திருக்கிறது. பெண்கள் இங்கிருந்து குடம் குடமாகக் கோட்டைக்குச் சுமந்தார்கள். இப்போது இந்திரா காந்தி கால்வாயின் நீரும் வந்து சேர்வதால் ஏரி வற்றுவதில்லை, படகு விடுகிறார்கள். பிள்ளைகள் படகேறப் போனார்கள். நான் படித்துறையில் அமர்ந்தேன்.

அங்கே கேட்ட ஒரு செய்தி என்னை நெடுநேரம் எழவிடவில்லை. எட்டு நூற்றாண்டுப் படையெடுப்புகளுக்கு அசையாத அந்தக் கோட்டை இப்போது தண்ணீரால் தளர்கிறதாம்! குடத்தில் சுமந்த காலத்தில் ஒவ்வொரு வீடும் சிறிதளவே செலவழித்தது. குழாய் வந்த பின்னர், விடுதிகளும் பெருகிய பின்னர், கழிவுநீர் பழைய வடிகால்களுக்கு அடங்காமல் குன்றுக்குள் கசிந்து, அடிமண்ணை இளக்கி, கொத்தளங்களைச் சரியச் செய்கிறது. 2013இல் யுனெஸ்கோ ராஜஸ்தானத்து மலைக்கோட்டைகள் ஆறனுள் ஒன்றாக இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அறிவிப்பு நீரைத் தடுக்குமா?

எங்கள் நொய்யலை நினையாமல் இருக்க முடியவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, ஏரி குளங்களையெல்லாம் நிரப்பிக் காவிரி சேரும் ஆறு. அத்தா சிறுவராக இருந்தபோது அதில் நீந்தியதாகச் சொல்வார். நான் சிறுவனாக இருந்தபோது அது அன்றன்று சாயத்தொட்டியில் ஊறிய நிறத்தில் ஓடியது. 1992இல் பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தொட்டியாயிற்று. வேளாண் மக்கள் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த மாதங்களில் எங்கள் தையல் எந்திரங்களும் ஓய்ந்து கிடந்தன. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை பின்னர் வந்தது. செலவு மிகுதிதான். அந்தச் செலவை முப்பது ஆண்டுகளாக ஆற்றங்கரை உழவன் நமக்காகக் கொடுத்துவந்தான் என்பதையும் கணக்கில் எழுத வேண்டாமா?

பிற்பகலில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, நகருக்கு மேற்கே உள்ள குல்தாராவுக்குச் சென்றோம். பாலிவால் பிராமணர் வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைவிட்ட ஊர். பேய் ஊர் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். பேய் எதுவும் தென்படவில்லை. ஆனால் அந்த மக்கள் வகுத்த 'கடீன்' என்னும் வேளாண் முறை வியப்புக்குரியது. கற்பாங்கான மேட்டில் விழும் மழையைத் தாழ்வில் நீண்ட மண்கரை கட்டி நிறுத்துவார்கள். நீர் மண்ணில் ஊறியதும், அந்த ஈரத்தை நம்பியே குளிர்காலத்தில் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். ஜெய்சல்மேர் மாவட்டத்தில் இன்றும் இவ்வாறு விளையும் நிலங்கள் உண்டு.

மாலையில் ஸம் மணற்குன்றுகளையும் பார்த்தோம். ஒட்டகச் சவாரி பிள்ளைகளுக்கு. ஆட்டமும் பாட்டும் கூடாரத்தாருக்கு. அங்கே பாடிய மாங்கணியார்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக இந்துக் குடும்பங்களின் பிறப்புக்கும் மணத்துக்கும் பாடி வருபவர்கள். கமைச்சா என்னும் வில்லிசைக் கருவியின் கனத்த நாதம் குளிர்ந்த மணலில் நெடுந்தூரம் சென்றது.

மறுநாள் வைகறையில் தொட்டியை நிரப்பிக்கொண்டு பார்மர் வழியாகத் தெற்கே கிளம்பினோம். லூணி ஆற்றங்கரையில் பாலோத்ரா என்றொரு நகர் வருகிறது. லூணி என்றால் உப்பாறு என்று பொருள். துணி அச்சிடுதலும் சாயமிடுதலும் அந்நகரின் பெருந்தொழில்கள். அந்தக் கழிவால் ஆறு கெட்டது பற்றி அங்கும் வழக்குகள் நடந்ததுண்டு. வேன் ஊருக்குள் நுழைந்தபோது பின்னிருக்கையில் எல்லோரும் உறக்கத்தில் இருந்தார்கள். சாளரம் வழியே அந்த வாடை உள்ளே வந்தது. கண்ணைத் திறவாமலே என் மனைவி கேட்டாள்:

"ஏனுங்க, அதுக்குள்ள ஊர் வந்துடுச்சா?"