சுண்டிக்குளத்தில் ஒரு காலைப்பொழுது

அன்புச் சகோதரிகளே, பயணம் என்றதும் நம் வீடுகளில் யாருக்கு வேலை கூடுகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் இரவே அடுப்படியில் நின்று சோறும் கறியும் கட்டி, பிள்ளைகளின் உடுப்பை அடுக்கி, போன இடத்திலும் பாய் விரித்துப் பரிமாறி, திரும்பி வந்து சட்டி பானை கழுவுவது நீங்கள்தான். எங்கு போனோம், என்ன பார்த்தோம் என்று கேட்டால் ஆண்களும் பிள்ளைகளும் கதை சொல்வார்கள். உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால்தான், நடப்பதும் பார்ப்பதும் தவிர வேறு வேலை இல்லாத ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது சுண்டிக்குளம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் மணலும் பனையும் பற்றைக்காடும். 1938ஆம் ஆண்டிலேயே இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. போர் நடந்த ஆண்டுகளில் பார்க்கப் போவோர் இல்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையோரக் கிராமங்களை அழித்துச் சென்றது. 2015இல், ஏறத்தாழ 19,500 ஹெக்டேர் பரப்புடன் இது தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

கடந்த ஜனவரியில் புத்தளத்திலிருந்து உம்மா, மனைவி, பிள்ளைகளுடன் யாழ்ப்பாணம் போனோம். சோனகத் தெருவில் உறவினர் வீட்டில் ஓர் இரவு. சுபுஹு தொழுதுவிட்டு வானில் ஏறினோம். சாவகச்சேரி, பளை தாண்டி இயக்கச்சியில் கிழக்கே திரும்பிக் கட்டைக்காட்டுப் பக்கமாகப் போக வேண்டும். நேரே போனால் ஆனையிறவு. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை அந்தக் காலத்தில் அவ்வழியாகத்தான் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து கப்பலேற்றினார்கள். பெயரும் அதனால் வந்ததே. பாணும் சம்பலும் வழியில் வாங்கிக்கொண்டோம். அன்று வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது என் கட்டளை. மனைவி முதலில் நம்பவில்லை!

வானை நிறுத்திவிட்டு நடந்தோம். காற்றில் பனையோலை உரசும் சத்தமும், தூரத்தில் அலையின் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. களப்பின் ஓரத்தில் கண்டல் மரங்கள். சேற்றிலிருந்து கால்களைப் போல எழுந்து நிற்கும் அவற்றின் வேர்களைப் பிள்ளைகள் அதிசயமாகப் பார்த்தார்கள். அந்த வேர்களுக்கு இடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. கரையை அலை அரிக்காமல் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். விறகுக்கென்று ஒரு கண்டலை வெட்டுகிறவர், நம் சட்டியில் விழ வேண்டிய மீனையும் சேர்த்தே வெட்டுகிறார்.

மழை ஓய்ந்து களப்பில் ஆழமில்லாத நீர் பரந்து கிடந்தது. கூழைக்கடா, கொக்கு, நெடுங்கால் உள்ளான், ஊசிவால் வாத்து எல்லாம் இருந்தன. அவற்றுக்கு அப்பால், தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள். உம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

சகோதரிகளே, இந்தப் பறவையைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, சேற்று நீரை அலகால் வடிகட்டி உண்கிறது. அதில் கிடைக்கும் பாசியிலும் சிறு இறால் இனங்களிலும் உள்ள சாயப்பொருளே அதன் சிறகுக்குச் சிவப்பைத் தருகிறது. குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் நிறம்தான். சேற்றைக் குவித்துக் கட்டிய மேட்டில் ஒரேயொரு முட்டை. தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாத்து, தம் தொண்டைப் பையில் சுரக்கும் ஒருவகைப் பாலைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அந்தப் பாலோடு அவற்றின் சாயமும் போய்விடுகிறது. பிள்ளை வளர்க்கும் காலத்தில் பெற்றோரின் சிறகு வெளிறிப்போகும். பிள்ளை பெற்று வளர்த்த பின் தன் நிறம் போய்விட்டதே என்று கண்ணாடி முன் நிற்கும் சகோதரியே, உன் நிறம் எங்கே போயிற்று என்று உன் ரப்புக்குத் தெரியும்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். பறவைகள் நின்றபடியே நின்றன. அவை சிறகு விரித்துப் பறப்பதைக் கைபேசியில் படம் எடுக்க வேண்டும் என்று என் மகன் ஆசைப்பட்டான். நானும் ஆசைப்பட்டேன். கையைப் பலமாகத் தட்டிச் சத்தமிட்டேன். கிட்ட நின்ற கூட்டம் முழுதும் எழுந்தது. சிவப்பும் கறுப்புமாக வானம் நிறைந்தது. பிள்ளைகள் கூவினார்கள். மறுபடி தட்டக் கையை ஓங்கினேன். உம்மா என் கையைப் பிடித்தார்.

"கலைக்காத மகன். கலைச்சா எப்பிடி இருக்கும் எண்டு உனக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான் சொன்னார். 1990 அக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். வடக்கிலிருந்து அந்நாட்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படி வெளியேறினார்கள். அடுப்பில் வைத்த சோற்றை இறக்காமல் எங்களைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் என் உம்மா. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அதைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. அன்று களப்பின் கரையில் பேசினார்.

நான் தலை குனிந்தேன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு நான் ஓதிக் கொடுக்கும் ஹதீஸ் ஒன்று உண்டு. அபூதாவூதில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதனைத் துயரப்படுத்தியது யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பாடம் நடத்திய எனக்கு அது நினைவில் இல்லை. கிதாபு ஓதாத உம்மாவுக்கு அதன் பொருள் தெரிந்திருந்தது.

வெகுதூரம் கடந்து வலசை வரும் பறவைகள், திரும்பிப் போவதற்கான பலத்தை இங்கே மேய்ந்துதான் சேர்த்துக்கொள்கின்றன. நாம் வேடிக்கைக்காக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு கரைகிறது. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரத்துல் அன்ஆம் 38ஆவது ஆயத் உணர்த்துகிறதே! சமுதாயம் என்றால் அதற்கு ஓர் ஊர் உண்டு, ஊரில் இருக்கும் உரிமையும் உண்டு.

அதன்பின் ஒரு மணித்தியாலம் சத்தமின்றி மணலில் உட்கார்ந்திருந்தோம். எழுந்த கூட்டம் மெல்லத் திரும்பி வந்து இறங்கியது. "அல்லாஹ் கொண்டுவந்து சேர்த்திட்டான்" என்றார் உம்மா. லுஹரையும் அஸரையும் பயணத் தொழுகையாகச் சுருக்கிச் சேர்த்து, பனை நிழலில் ஜமாஅத்தாகத் தொழுதோம். மனைவி வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டாருக்குச் சொன்ன கதை, நான் சொன்னதைவிட நீளமானது.

போக நினைப்போருக்குச் சில வார்த்தைகள். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். காலையிலேயே போய்விடுங்கள். குடிக்கவும் வுழூவுக்கும் தண்ணீர் கொண்டுபோங்கள். கடும் நிற உடுப்பைத் தவிருங்கள். போர் நடந்த பூமி. பாதையை விட்டு விலகிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். நீரில் முதலையும் உண்டு. பிள்ளைகளைக் கரையோடு நிறுத்துங்கள். லஞ்ச் சீட், போத்தல், பொலித்தீன் பை எதையும் அங்கே விட்டுவராதீர்கள். முக்கியமாக, கை தட்டாதீர்கள்.

ஊரை விட்டுக் கலைந்தவர்கள் எல்லோரையும், மனிதரோ பறவையோ, அல்லாஹ் அவரவர் இடத்தில் நிம்மதியாகச் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.