ஒரு தடவை சொன்னதுதான்

எங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பக்கவாதப் பிரிவில் வேலை பார்க்கும் எல்லோருக்கும்,

போன மாசியில் என் அப்பாவை உங்களிடம் கொண்டுவந்தோம். வலது கை, கால் விழுந்து, பேச்சும் போயிருந்தது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. 108 வண்டியில் வந்த ஊழியரே முன்கூட்டித் தகவல் சொல்லியிருந்ததால் ஸ்ட்ரெச்சர் நேராக ஸ்கேன் அறைக்குப் போனது. ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்ததும் ஊசி போட்டுவிட்டீர்கள். அப்பா உயிரோடு இருப்பது அதனால்தான். ஆனால், என்னை இந்த மடலை எழுத வைத்தது அதற்குப் பிறகு வார்டில் நான் பார்த்தது.

அப்பாவுக்கு வலது காது கேட்காது. அதை அம்மா முதல் நாள் இரவு டூட்டி சிஸ்டரிடம் சொன்னார். ஒரே ஒரு தடவை. மறுநாள் காலை பிசியோ கொடுக்க வந்த தம்பி, கட்டிலைச் சுற்றி இடப்பக்கம் வந்து, குனிந்து, "ஐயா, இப்ப உங்க காலை மடக்கி நீட்டப் போறேன்" என்று இடது காதில் சொல்லிவிட்டுத்தான் மறுபக்கம் போய் விழுந்த காலைத் தொட்டார். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரும், டாக்டர்கள் வழக்கமாக நிற்கும் வலப்பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தார். வாய் பேச முடியாமல் கிடந்த மனுஷருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அவர் முகத்திலிருந்த மிரட்சி அன்றைக்கே குறைந்தது.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று டூட்டி மாறும் நேரத்தில் புரிந்தது. போகிற சிஸ்டர் வருகிற சிஸ்டருக்குக் கட்டிலருகே நின்றே ஓவர் கொடுப்பார். எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறது, பி.பி. எவ்வளவு, எதற்கு முகம் சுளிக்கிறார் என்று எல்லாமே அப்பாவின் காதுபடப் பேசுவீர்கள்.

என் பெரிய அத்தை ஒரு மதியம் ஃபிளாஸ்க்கில் காபியோடு வந்தார். "எந்தம்பி பட்டினி கிடக்கானே" என்று அழுதபடி டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோய்விட்டார். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா மாப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "குடுக்காதீங்கம்மா! முழுங்குறாரான்னு டெஸ்ட் இன்னும் பண்ணல. நுரையீரலுக்குள்ள போயிரும்." அத்தைக்குக் கோபம், சிஸ்டரைக் கூப்பிட்டார். சிஸ்டர் வந்து, "அவங்க சொல்றதுதாம்மா சரி" என்றார். பக்கவாதம் வந்தவர்களை அதற்குப் பிறகு கொண்டுபோகும் காரணங்களில் நிமோனியா முக்கியமானது என்று டாக்டர் பிறகு விளக்கினார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்த அக்காவைக் கேட்டேன். "ஓவர் குடுக்கும்போது சிஸ்டர் எங்களையும் கூப்பிட்டு நிக்க வெச்சுத்தான் சொல்லுவாங்க" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக இறங்கியிருந்தது. பட்டியலில் வேறு பல விஷயங்களும் உண்டு என்றாலும், பெயர் சொல்லும் அந்த வரிதான் என் மனதில் நின்றது. பெயர் சொல்லிப் பேச ஆரம்பித்தவருக்குத் தப்பு நடக்கும்போது "நிறுத்துங்க" என்று சொல்லவும் தைரியம் வரும். உங்கள் வார்டில் அந்தத் தைரியம் தரை துடைக்கிறவர் வரைக்கும் இருக்கிறது. அவர் சொல்லை மதிக்கிற சிஸ்டரும் இருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்து என் நன்றி.

அப்பா இப்போது கோல் ஊன்றி வாசல் வரை நடக்கிறார். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்துகொண்டிருக்கிறது.

இந்த மடலின் நகலை டீன் அவர்களுக்கும் அனுப்புகிறேன். ஐயா, ஓவர் கொடுக்கும் நேரத்தையும் டூட்டி நேரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் அந்த அக்காவை வார்டு வார்டாக மாற்றாமல், நோயாளிகளைத் தெரிந்து வைத்திருக்கிற அதே வார்டில் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் இருந்தவரின் மகள்