நல்ல மேஜை எங்கே? நெருளிலிருந்து ஒரு கணக்கு

சட்டப்படி ‘பிளாக்ஜாக்’ ஆட வேண்டுமென்றால் நெருள்வாசி மாநில எல்லையைத் தாண்டியாக வேண்டும். மகாராஷ்டிரம் 1976-ல் காஸினோக்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அது ஒருநாள்கூட அமலுக்கு வரவில்லை. 2023-ல் அதையும் ரத்து செய்ய அரசு முடிவெடுத்தது. அதே 1976-ல் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் போட்ட கோவாவோ, 1992-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மின்னணு இயந்திரங்களுக்கும், 1996-ல் கப்பல்களில் சீட்டு மேஜைகளுக்கும் வழிவிட்டது. அனுமதிக்கச் சட்டம் போட்ட மாநிலத்தில் காஸினோ இல்லை. தடுக்கச் சட்டம் போட்ட மாநிலத்தில் மண்டோவி நதியில் ஆறு கப்பல்கள் நிற்கின்றன.

நெருளின் செக்டார் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவருக்கு இந்த முரண்பாடு ரொம்பவே பிடிக்கும். மாட்டுங்காவில் பிறந்து, செம்பூரில் குடித்தனம் நடத்தி, வாடகை ஏற ஏறக் கடலைத் தாண்டி நவி மும்பைக்கு வந்தவர். ஞாயிறு மாலைகளில் நான்கு பேர் சேர்ந்தால் ரம்மி. பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம்தான் ரம்மி என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் சீட்டைக் கலைப்பார். வருடத்துக்கு இரண்டு முறை பன்வேலில் கொங்கண் ரயில் பிடித்து கோவா போவார். கையில் ஒரு நீளமான நோட்டு. அதில் பெயர்கள் இல்லை. மேஜைகளும் அவற்றின் விதிகளும் மட்டும்.

“கோயிலுக்குப் போனாலும் கணக்கு, கோவாவுக்குப் போனாலும் கணக்கா?” என்பது மனைவியின் நிரந்தரக் கேள்வி.

ஆனால் அந்த நோட்டில் விஷயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா மேஜையும் ஒன்றுதான்: இருபத்தொன்றைத் தாண்டாமல் டீலரை மிஞ்ச வேண்டும். வித்தியாசம் சிறிய எழுத்தில் இருக்கிறது. ஆட்டத்துக்கு எத்தனை கட்டு? மற்ற விதிகள் ஒன்றாக இருந்தால் ஒற்றைக் கட்டு ஆடுபவருக்கு நல்லது. ஆறு, எட்டு என்று போகப் போக விடுதியின் கை ஓங்கும். ஆஸும் ஆறும் சேர்ந்து பதினேழு வந்தால் டீலர் நிற்கிறாரா, இன்னொரு சீட்டு எடுக்கிறாரா? எடுத்தால் நூற்றுக்குச் சுமார் 20 காசு விடுதிக்கு லாபம். சீட்டைக் கையால் கலைக்கிறார்களா, ஓயாமல் கலைக்கும் இயந்திரமா? இயந்திரமானால் மணிக்கு அதிக ஆட்டம், நஷ்டமும் வேகமாக.

எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தால் என்ன தருகிறார்கள் என்பது. இரண்டுக்கு மூன்று என்றால் 500 ரூபாய் வைத்தவருக்கு 750 கிடைக்கும். ஐந்துக்கு ஆறு என்றால் 600-தான். ஏறக்குறைய இருபத்தோரு ஆட்டத்துக்கு ஒருமுறை அந்தக் கை வரும். மணிக்கு அறுபது ஆட்டம் ஆடினால் இந்த ஒரு விதியால் மட்டும் 400 ரூபாய்க்கு மேல் கரைகிறது.

இந்தக் கணக்குகள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. 1956-ல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மேஜைக் கால்குலேட்டரில் கணக்கிட்டு ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். 1962-ல் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப், போன சீட்டுகளை நினைவில் வைத்தால் விடுதியையே மிஞ்சலாம் என்று புத்தகம் எழுதினார். விடுதிகள் சும்மா இருக்குமா? கட்டுகளைக் கூட்டின. பிறகு கலைக்கும் இயந்திரங்களும் வந்தன. இன்று நல்ல விதியுள்ள மேஜையில், பிசகாமல் ஆடுபவருக்கும் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சுமார் 50 காசு போகும். மனம் போன போக்கில் ஆடினால் இரண்டு ரூபாய்க்கு மேலேயே போய்விடும்.

இந்த 50 காசுதான் ஒருநாள் வினையாக வந்தது. ஞாயிறு ரம்மிக்கு வரும் அண்ணாச்சி தாராவியில் கடை நடத்தி, அதை விற்றுவிட்டு நெருளில் மகனோடு இருப்பவர். கடை விற்ற பணத்தில் மகள் கல்யாணத்துக்கென்று 5 லட்சம் ஒதுக்கியிருந்தார். செலவோ ஏழைத் தொட்டது.

“சார், நூற்றுக்கு அரை ரூபாய்தானே போகும்? அதற்குப் பயந்தால் நான் கடையே திறந்திருக்க முடியாது. உங்க நோட்டில் இருக்கிறதிலேயே நல்ல மேஜையாக ஒன்றைச் சொல்லுங்க. ரெண்டு லட்சம் தேறினதும் எழுந்து வந்துடறேன்.”

கணக்கர் ஒரு தாளை எடுத்தார். “அண்ணாச்சி, அரை ரூபாய் என்பது கொண்டுபோகும் பணத்துக்கு இல்லை, வைக்கிற ஒவ்வொரு பந்தயத்துக்கும். ஆட்டத்துக்கு 5,000 வீதம் 400 ஆட்டம் என்றால் நீங்கள் வைப்பது 20 லட்சம். அதில் அரை சதவீதம் 10,000. அதுகூடப் பரவாயில்லை. அந்த 400 ஆட்டத்தில் ஒரு லட்சம் கூடுவதும் ஒரு லட்சம் குறைவதும் சர்வ சாதாரணம். எது நடக்கும் என்பதை எந்த நோட்டும் சொல்லாது.”

அடுத்து வரி. காஸினோவில் சில்லு வாங்கும்போது அதன் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. என்பது 2023 அக்டோபரில் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். அதில் எவ்வளவை விடுதி ஏற்கிறது, எவ்வளவு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது என்பதை நுழைவுக் கட்டணம், சாப்பாடு, இலவசச் சில்லு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். முழுவதும் ஆடுபவர் தலையில் விழுந்தால், 5 லட்சத்துக்குச் சில்லு வாங்கும்போதே வரி 2 லட்சம்.

அண்ணாச்சி அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தார். கல்யாணத்துக்குக் குறைந்த தொகையும் அதுவேதான்.

“முதல் சீட்டு விழறதுக்கு முன்னாடியேவா?” என்றார். பிறகு பேசவில்லை. கோவா போகவும் இல்லை. கல்யாணம் மண்டபத்திலிருந்து கோயிலுக்கு மாறியது. விருந்துப் பட்டியலில் பாதி பெயர்கள் குறைந்தன. சில உறவினர்களுக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

மேஜைகளை ஒப்பிடுவது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. 600 தரும் மேஜையை விட்டு 750 தரும் மேஜைக்குப் போவது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்த ஒப்பீடு, எங்கே குறைவாகப் போகும் என்பதைத்தான் சொல்லும்; எங்கே வரும் என்பதை அல்ல. இந்த இரண்டும் ஒன்று என்று நினைக்கும்போதுதான் கல்யாணப் பணம் கப்பல் ஏறுகிறது. கோவா அரசுக்கும் இது தெரியாததல்ல. 2020 பிப்ரவரியிலிருந்து கோவாக்காரர்கள் காஸினோவில் ஆடக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. வெளியூர்க்காரருக்கு அந்தத் தடை இல்லை.

கணக்கர் இப்போது வருடத்துக்கு ஒருமுறைதான் போகிறார். ரயில் டிக்கெட், மீன் சாப்பாடு, சில்லு என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. அது தீர்ந்தால் கரைக்குப் படகு. நோட்டில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘லாபம் / நஷ்டம்’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு ‘செலவு’ என்று எழுதிவிட்டார்.