குடிக்காத மண்

மழைநீர் சேகரிப்புக்காக அரசு அலுவலகச் சுவர்களில் வரைந்து வைத்திருக்கும் படம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். கூரையிலிருந்து ஒரு குழாய், தரையில் ஒரு குழி, அதற்குள் கூழாங்கல், ஜல்லி, மணல், அடியில் கீழ்நோக்கிச் சில அம்புக்குறிகள். அந்த அம்புக்குறிகளைத்தான் நம்ப முடிவதில்லை. குழிக்குள் என்ன போட வேண்டும் என்று சொல்கிற படம், குழியைச் சுற்றி என்ன மண் இருக்கிறது என்று கேட்பதேயில்லை. 2003இல் தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணல் பூமிக்கு அந்தப் படம் பொருந்தும். அதையே காவிரி டெல்டாவின் குடவாசலுக்குக் கொண்டுவந்து களியில் தோண்டினால், தரைக்குள் புதைத்த ஒரு பெரிய பானைதான் கிடைக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 5,000 லிட்டர்; ஐப்பசியில் அது ஓர் இரவுக்கான மழை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குழியில் கல்லும் மணலும் அடைத்தது போக ஏறக்குறைய 600 லிட்டருக்கு இடம் இருக்கும். நன்றாக நனைந்த மணலில்கூட நீர் மணிக்கு 30 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இறங்கும். களியில் 1 முதல் 5 மில்லிமீட்டர். அடிப்பரப்பும் நான்கு பக்கமும் சேர்ந்து 7 சதுர மீட்டர் முழுதும் உறிஞ்சுவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் 14 லிட்டர்தான் போகும். நிரம்பிய குழி வற்ற மணலில் மூன்று மணி நேரம், களியில் ஏறக்குறைய இரண்டு நாள். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். மாடித் தூசி வண்டலாகப் படிந்து ஏடு கட்டிவிட்டால் இந்தக் கணக்கும் செல்லாது.

இத்தனைக்கும் களியில் இடம் இல்லாமல் இல்லை. மணலைவிடக் களியில்தான் மொத்த வெற்றிடம் அதிகம். ஆனால் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. துளைகளும் அதற்கேற்ப நுண்மையானவை. உள்ளே போன நீரை அவை இறுகப் பிடித்துக்கொள்ளும், கீழே விடாது. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிக்கிறார்களே, அவை பிறகு தண்ணீர் பாய்ச்சாமலே காய்ப்பது இந்தப் பிடிவாதத்தால்தான். அதுவும் போதாதென்று, தொளி உழுது, சேற்றை மிதித்து, இருக்கும் துளைகளையும் அடைத்து வந்தவர்கள் இந்த மண்ணின் குடியானவர்கள். தண்ணீரைக் கீழே போகவிடாமல் காப்பதே இங்கே வேளாண்மை. அப்படிப்பட்ட வயலைத் தூர்த்து மனை போட்டுவிட்டு, ஒரு மீட்டர் குழியால் அதைத் தலைகீழாக்கலாம் என்கிறோம்.

புறநானூற்று 74ஆம் பாட்டு இங்கே நினைவுக்கு வருகிறது. சோழன் செங்கணானோடு போரிட்டுப் பிடிபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். அந்தக் குடவாயில் இன்றைய குடவாசல்தான் என்பார்கள். தண்ணீர் கேட்டான், கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தார்கள், கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமலே பாட்டைச் சொல்லிவிட்டு இறந்தான் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டும் ஒத்துப்போவதில்லை, அது புலவர்கள் பாடு. மேடைகளில் இந்தக் கதை எப்போதும் மானத்துக்குத்தான் உதாரணம். எனக்கு அதில் காலக்கணக்குத்தான் கண்ணில் படுகிறது. அங்கே தண்ணீர் இல்லாமல் போகவில்லை. வாங்குபவன் குடிக்கிற நேரத்தில் வரவில்லை. டெல்டாவின் கதையும் அதுவே. கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி, மண் ஊறிக் கிடக்கும்போது வானம் கொட்டுகிறது. இன்னும் வாங்க மண்ணில் இடமில்லை. இடமிருக்கும் சித்திரையில் மழை இல்லை. எனவே இங்கே குழியைவிடக் குளம் முக்கியம்: மேலே தேக்கி, மாதக்கணக்கில் மெல்ல இறங்க விடுவது.

கோடையில் களி பாளம் பாளமாக வெடிக்கிறதே, அந்த வெடிப்பு வழியே இறங்காதா என்று கேட்கலாம். இறங்கும், முதல் மழை மட்டும். நனைந்ததும் களி உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். களியைத் துளைத்துக் குழாய் இறக்கலாமே என்பது இதைவிட வலுவான கேள்வி. இந்தச் சமவெளி மணலும் களியும் மாறி மாறிப் படிந்தது. கீழே மணல் அடுக்கு அகப்பட்டால் அது நீரை வாங்கும். கும்பகோணம் மகாமகக் குளத்துக்குள்ளேயே தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன. குளத்தின் தரைக்குக் கீழேயும் நீரோடு பேச்சுவார்த்தை உண்டு என்று வெட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் மண்ணைத் தாண்டிப் போகும் குழாய், மண் செய்யும் வடிகட்டலையும் தாண்டிப் போகிறது. மாடித் தண்ணீரை, அதிலும் முதல் மழையைக் கழித்துவிட்டு, அதில் விடலாம். சாக்கடை கலந்த தெருத் தண்ணீரை விட்டால், பக்கத்து வீட்டுப் போரில் அதையே இறைத்துக் குடிக்க வேண்டியதுதான். மணல் தானாக வெளியே தெரியும் இடங்கள் இருக்கின்றன: குடமுருட்டி, அரசலாறு போன்ற ஆறுகளின் அடி, கரையோரப் படுகை, தூர்ந்துபோன பழைய ஆற்றுத்தடம். செறிவூட்டலுக்கு இயற்கை திறந்துவைத்த வாசல்கள் அவை. அங்கே மணலை அள்ளிவிட்டு, வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போட்டுவிட்டு, களிமனையில் குழி வெட்டச் சொல்வது வேடிக்கை.

ஊருக்கு ஊர், மனைக்கு மனை விதி மாறினால் ஏய்ப்பவர்களுக்கு வசதியாகிவிடும், ஒரே விதி இருந்தால்தான் அமல்படுத்த முடியும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அதில் நியாயம் உண்டு. ஆனால் மண்ணைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மனையில் முழங்கால் ஆழக் குழி எடுத்து, ஒரு நாள் முழுக்க நீர் விட்டு ஊறவைத்து, மறுபடி நிரப்பி, ஓர் அளவுகோலை நட்டு மணிக்கொருமுறை பார்த்தால் போதும். அந்த எண்ணைக் கட்டட அனுமதித் தாளில் எழுதட்டும். இறங்கும் மனையில் குழி. இறங்காத மனையில் ஒரு தொட்டி. அதற்கும் வழியில்லாதவரிடம் குழிக்கான செலவை வாங்கிப் பேரூராட்சி அந்தத் தெருவின் குட்டையைத் தூர்வாரட்டும்.