குளத்தோரத்து வீடு

குளம் நிலத்துக்குள் இறங்கும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். குளியல் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினால் கேட்குமே, அதுதான். ஆனால் விடிய விடிய.

மத்திய ஃப்ளோரிடாவில், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு எங்களுடையது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போன சில நாட்களில் அது நடந்தது. அடுத்த வீட்டம்மா ஓஹையோவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகும் அவருடைய தூண்டில்களை வராந்தாவில் சாய்த்தே வைத்திருந்தார். உள்ளே போனால் பட்டையும் காபியும் கலந்த மணம். அன்று மாலை, குளியலறைக் கதவு மூட மறுக்கிறது, மரம் மழையில் உப்பிவிட்டது என்று சிரித்தார்.

நள்ளிரவில் அவர் வீட்டுச் சுவர் பிளந்தது. பலகைகள் படபடவென்று தெறித்தன, நைட்டியோடு அவரை இழுத்துக்கொண்டு ஓடினோம், யாரோ டார்ச் அடித்தார், யாரோ கேஸை மூடச் சொல்லிக் கத்தினார், தரை தாங்காதென்று தீயணைப்பு வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அவர் கையில் ஒரே ஒரு தூண்டில்.

அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் கரியமில வாயுவை வாங்கி லேசான அமிலமாகிக் கல்லைக் கரைத்துக் குகையாக்கும். வறட்சியில் நிலத்தடி நீர் இறங்கினால் கூரைக்குத் தாங்கல் போய்விடும். பெருமழையில் மேல்மண் கனத்துவிடும். அப்போது கூரை இடிந்து நிலம் உள்வாங்கும். 1981-இல் இதே ஃப்ளோரிடாவின் வின்டர் பார்க்கில் அப்படித்தான் ஒரு வீடும் சில போர்ஷே கார்களும் உள்ளே போயின. அந்தக் குழி இன்று ஏரி. எங்கள் குடியிருப்பைக் கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தே இங்கே மழைநீர்க் குளங்களை வெட்டி, குளம் பார்த்த மனைகளுக்குக் கூடுதல் விலையும் வைத்தார்கள்.

வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் பணம் கிடைக்க நான்கு நிபந்தனைகள்: நிலம் திடீரென இறங்க வேண்டும், பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அடித்தளம் உட்பட வீடு சேதமாக வேண்டும், வசிக்கத் தகாதென்று அரசே வெளியேற்ற வேண்டும். அந்த அம்மாவுக்கு நான்கும் பொருந்தின. இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்கு மூன்றுதான். அவர் இன்றைக்கும் அந்த விரிசல்களோடுதான் தூங்குகிறார்.

கட்டிய நிறுவனம் ‘இயற்கை’ என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. குளமும் சாலையும் ‘சமுதாய மேம்பாட்டு மாவட்டம்’ என்ற அமைப்புக்குச் சொந்தமாம். 1980-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஏற்பாடு அது. அதன் வாரியத்துக்குத் தொடக்கத்தில் ஏக்கருக்கு ஒரு ஓட்டு. நிலமெல்லாம் கட்டியவர் கையில் இருக்கையில் வாரியமும் அவர் கையில்தான். ஆண்டுகள் கழித்து ஓட்டு குடியிருப்போரிடம் வரும்போது, குளமும் அதற்காக வாங்கிய கடனும் சேர்ந்தே வந்துவிடும்.

இப்போது அந்த அம்மாவின் மனையில் புல் விதைத்திருக்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் அங்கே நாயோடு உலாவுகிறார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொல்கிறேன். அதனால் சிலருக்கு என்மேல் கோபம், வீட்டு விலை இறங்கிவிடும் என்று.

புயல் வந்த ஆண்டின் நவம்பரில் அந்த அம்மாவின் வரிச்சீட்டு பழைய முகவரிக்கே வந்தது. ஓஹையோவில் மகள் வீட்டில் இருந்த அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சாலை, குளம் பராமரிப்புக் கட்டணம் என்று வந்ததும் நிறுத்தினார்.

“எந்தக் குளம்?” என்றார்.

நிலம் இன்னும் அவர் பெயரில் இருந்ததால் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. கட்டினார்.